ஐந்தாவது தோட்டா

கான்ஸ்டபிள் தங்கையாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, இன்ஸ்பெக்டர் அருணகிரி ஆயுதக் கிடங்குக்குத் தனியாக வந்தார். தலையில் தொப்பி இல்லை. இடுப்பில் துப்பாக்கியும் இல்லை. அது பரிசோதனை முடிந்து, கிடங்குப் பொறுப்பில் இருந்த ஏட்டு பிலோமினாவிடம் வந்திருந்தது.

பிலோமினாவுக்கு முப்பத்தாறு வயது. அருணகிரி ஓய்வுபெற இன்னும் நாலு வருஷம்தான். வயசாவது பதவியாவது! துப்பாக்கி என்று வந்துவிட்டால் அந்த மாவட்டத்தில் எல்லாரும் பிலோமினா முன்னால் கைகட்டித்தான் நிற்பார்கள்.

"உக்காருங்க ஐயா."

"வேண்டாம் ஏட்டம்மா. இன்னைக்கு நான் அதிகாரியா வரல. தெரிஞ்சுக்க வந்திருக்கேன்."

"கேளுங்க."

"துப்பாக்கி மேல தப்பா, என் மேல தப்பா?"

வாழைத்தோப்பில் சாராயக் கும்பலை மடக்கப் போன இடத்தில் நடந்தது அது. அருணகிரியின் ரிவால்வரில் ஐந்து குண்டும் தீர்ந்துபோயின. காலித் தோட்டாக்களை வெளியே தள்ளிவிட்டுப் புதியதைப் போட வேண்டும். நாலு வந்தது. ஐந்தாவது சிக்கிக்கொண்டது. அதை அவர் நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தபோதுதான், வெறும் லத்தியோடு முன்னால் நின்ற தங்கையாவின் கழுத்தில் அரிவாள் இறங்கியது. பாவி மனுஷன், அப்போதும் தன் அதிகாரியை மறைத்துக்கொண்டுதான் நின்றார்.

பிலோமினா அதே ரிவால்வரையும் ஐந்து காலித் தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டு பின்பக்கத்துச் சுடுதளத்துக்கு நடந்தாள். புல் முழங்கால் உயரம் வளர்ந்து கிடந்தது. தோட்டாக்களை உருளையில் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"அன்னைக்குச் செஞ்ச மாதிரியே செய்யுங்க."

அருணகிரி உருளையைத் திறந்தார். குழலை லேசாகத் தரைப்பக்கம் சாய்த்தார். ஒரு கையைக் குவித்து அடியில் ஏந்திக்கொண்டு, கட்டைவிரலால் தள்ளுகம்பியை மெதுவாக அழுத்தினார். நாலு தோட்டா கைக்குள் விழுந்தது. ஐந்தாவது பாதி வந்து, பின்வாங்கி, அதன் விளிம்பு தள்ளுகிற தகட்டுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது.

அதே இடம்.

பிலோமினா திருப்புளியால் அதை எடுத்து, ஐந்தையும் மறுபடி போட்டாள். குழலை வானத்துக்கு நிமிர்த்தி, கம்பியை உள்ளங்கையால் ஓங்கி ஒரே அடி அடித்தாள். ஐந்தும் சிதறிப் புல்லுக்குள் விழுந்தன.

"குட்டைக் குழலுக்குக் கம்பியும் குட்டை ஐயா. தோட்டாவை முழுசா வெளிய தள்ளாது. பாதிதான் தள்ளும். அடிக்கிற வேகத்துல மீதி தானா விழணும். கெஞ்சினா வராது."

"அப்ப துப்பாக்கி மேல தப்பில்ல."

"இல்ல."

"அட ஆண்டவனே, இவ்வளவுதானா!" என்று தலையில் அடித்துக்கொண்டார் அருணகிரி. ஒரு அடி. அதை அடித்திருந்தால் தங்கையா இன்றைக்கு வாசலில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருப்பார்.

"கையை எதுக்கு ஐயா அடியில ஏந்துனீங்க?"

"பழகிப்போச்சு ஏட்டம்மா. பயிற்சியில காலித் தோட்டா ஒண்ணு குறைஞ்சாலும் கிடங்குல திருப்பி வாங்க மாட்டீங்களே. எல்லாரும் முட்டி போட்டுப் புல்லைத் தடவணும். அந்தப் பயம்."

"வாங்க மாட்டேன்தான்," என்றாள் பிலோமினா. "பதினோரு வருஷமா வாங்கினதில்ல. கீழ விழாம கையில பிடிச்சுக் கொண்டாங்கன்னு சொன்னதே நான்தான் ஐயா. சிக்கின தோட்டாவோட இது திரும்பி வந்த அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. உங்க கிட்ட வந்து சொல்லத்தான் தைரியம் வரல."

அருணகிரி அவளைப் பார்த்தார். திட்ட வாய் வரவில்லை. பழகின உடம்பு தன்பாட்டில் மண்டிபோட்டது. புல்லை விலக்கித் தேட ஆரம்பித்தார். ஒன்று கிடைத்தது. இரண்டு. கல்லுக்குப் பக்கத்தில் மூன்றாவது. கொஞ்சம் தள்ளி நான்காவது. முட்டி வலிக்க வலிக்கத் தவழ்ந்தார்.

"அஞ்சாவதைக் காணலியே ஏட்டம்மா."

பிலோமினா குனிந்து அவர் தோளைப் பிடித்தாள்.

"எழுந்திருங்க ஐயா. அஞ்சாவதுக்காகத்தான் தங்கையாவை விட்டுட்டோம்."