செவந்தியின் அறுபது அடி

இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு காடு இருந்தது. அந்தக் காட்டில் ஒரு மடு. மடு என்றால் தண்ணீர் ஆழமாகத் தேங்கி நிற்கும் இடம், குழந்தைகளே. மலையிலிருந்து ஓர் ஓடை இறங்கி வந்து அதை நிரப்பும். சுற்றிலும் நாவல் மரங்கள் நின்றதால் அந்த இடத்துக்கு நாவல்மடு என்று பெயர். முயல், கீரி, பெருச்சாளி, உடும்பு, குருவி என்று எல்லாரும் மடுவைச் சுற்றி வீடு போட்டு, அதை ஓர் ஊராகவே ஆக்கிவிட்டார்கள்.

அந்த ஊரில் செவந்தி என்னும் ஆள்காட்டிக் குருவி வாழ்ந்தாள். கீழே ஒரு சருகு உருண்டாலும் போதும், "யாரோ வர்றாங்க! யாரோ வர்றாங்க!" என்று ஊரையே கூட்டிவிடுவாள். பத்துத் தடவையில் ஒன்பது தடவை யாரும் வந்திருக்க மாட்டார்கள். அதனால் ஊரில் அவள் பேச்சை ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"அட, வாயை மூடேன் செவந்தி!" என்பதுதான் அவளுக்குக் கிடைக்கும் காலை வணக்கம். பாவம், அதில் அவளுக்கு நிறைய வருத்தம்.

ஒரு கோடையில் கரிச்சான் குருவி ஒரு சேதி கொண்டுவந்தது.

"யானைக் கூட்டத் தலைவி பேரம்மாள் வர்றாங்க. ஒவ்வொரு ஊரும் எப்படி இருக்குன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கப் போறாங்களாம். பௌர்ணமிக்கு முன்னாடி இங்கே வந்துடுவாங்க."

சேதியைச் சொல்லிவிட்டுக் கரிச்சான் பறந்துபோனது. எதற்காகக் கேட்கிறார்கள் என்று அது சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஊர்த் தலைவனான நரி நல்லப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. பெயர்தான் நல்லப்பனே தவிர, ஆளுக்குப் புகழ்ச்சி என்றால் உயிர்.

"எதுக்கு வர்றாங்க? எந்த ஊர் பெரிய ஊருன்னு பார்த்துப் பரிசு கொடுக்கத்தான்!" என்று அவனே முடிவு கட்டினான். "நம்ம ஊரோட பெருமையை எண்ணிக் காட்டணும். யார் எண்ணுறது?"

எண்ணுவதென்றால் ஊர் முழுக்க அலைய வேண்டுமே. ஆளுக்கு ஆள் நழுவினார்கள். "நான் எண்ணுறேன் தலைவரே!" என்று ஒரே ஒரு குரல்தான் வந்தது. செவந்தியின் குரல்.

"சரி, நீயே எண்ணு. எத்தனை வாசல் இருக்குன்னு மட்டும் பாரு. வாசல் கூடினா ஊர் வளருதுன்னு அர்த்தம்" என்றான் நரி.

"எங்க வீட்டுக்கு வாசலே இல்லையே தலைவரே? தரையில நாலு கூழாங்கல்லை வெச்சு, அதுக்கு நடுவுலதான் முட்டை வெச்சிருக்கேன்."

"வாசல் இல்லேன்னா அது வீடே இல்லை. விடு."

செவந்திக்குச் சுருக்கென்றது. ஆனாலும் முதல் தடவையாக ஊர் தன்னை நம்பி ஒரு வேலை கொடுத்திருக்கிறதே என்று விழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் எண்ணத் தொடங்கினாள். பெருச்சாளி தோண்டியப்பன் அவளைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப்போனான்.

"இதோ பாரு, முன்வாசல். அது பின்வாசல். பாம்பு வந்தா ஓட ஒரு வாசல், மழை வந்தா ஏற ஒரு வாசல், என் மாமியார் வந்தா நழுவ ஒரு வாசல். மொத்தம் ஏழு!"

"ஆனா வீடு ஒண்ணுதானே அண்ணே?"

"தலைவர் உன்னை வீட்டையா எண்ணச் சொன்னாரு? வாசலைத்தானே சொன்னாரு?"

வாசல் எண்ணும் சேதி தெரிந்ததிலிருந்து தோண்டியப்பன் இரவு பகலாக இன்னும் தோண்டிக்கொண்டிருந்தான். எப்போதும்போல, தோண்டிய மண்ணையெல்லாம் ஓடைக்குள் தள்ளினான். அவனைப் பார்த்து முயலும் தோண்டியது, கீரியும் தோண்டியது. ஓடைக்கரை ஓரமெல்லாம் மண் குவியல்.

தூக்கணாங்குருவிகளும் சும்மா இருக்கவில்லை. பாதி கட்டி வேண்டாமென்று விட்டுப்போன கூடுகளையெல்லாம் காட்டி, "இதுக்கும் ஓட்டை இருக்கு, எண்ணிக்கோ" என்றன. காற்றைத் தவிர அவற்றுக்குள் யாரும் குடியில்லை. செவந்தி அவற்றையும் எண்ணினாள்.

மொத்தம் முந்நூற்றுப் பதினாறு வாசல். நரிக்கு வாயெல்லாம் பல்.

"நம்ம செவந்தி கெட்டிக்காரி!" என்று ஊர் நடுவே நின்று சொன்னான். அன்று அவளை யாரும் வாயை மூடச் சொல்லவில்லை. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. உள்ளதைச் சொன்னால் என்ன, குழந்தைகளே, அன்று அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் வந்தது.

அந்தக் கர்வம் வீடு வந்து சேரும்வரைதான் இருந்தது.

அவள் கணவன் முத்தையன் முட்டைகள் மேல் இறக்கையை விரித்து நிழல் காட்டிக்கொண்டு நின்றான். வெயிலில் அவன் அலகு திறந்தே இருந்தது.

"சீக்கிரம் தண்ணி கொண்டா செவந்தி. முட்டை சுடுது."

ஆள்காட்டிக் குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. கோடையில் முட்டை சூடாகிவிட்டால், பறந்தால் கூடு இருக்கும் இடம் பருந்துக்குத் தெரிந்துவிடும் என்று தரையோடு தரையாக மடுவுக்கு ஓடி, வயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைகள் மேல் உட்காரும். அந்த ஈரத்தில் முட்டை குளிரும். உள்ளே இருக்கும் குஞ்சு பிழைக்கும்.

செவந்தி ஓடினாள். போன கோடையில் இதே இடத்திலிருந்து தண்ணீருக்குப் பன்னிரண்டே அடி. இப்போது ஓடிக்கொண்டே எண்ணினாள். எண்ணும் வேலை பார்த்துப் பழகிவிட்டதல்லவா? இருபது, முப்பது, நாற்பது என்று போய் அறுபதாவது அடியில்தான் கால் நனைந்தது. வயிற்றை நன்றாக முக்கிக்கொண்டு திரும்ப ஓடிவந்தாள். முட்டைகள் மேல் உட்கார்ந்தபோது அவள் சிறகு காய்ந்துபோயிருந்தது.

மறுபடி ஓடினாள். மறுபடியும் காய்ந்துதான் வந்தாள். நான்கு முட்டைகளும் இன்னும் சுட்டன.

நேரே நரியிடம் போனாள்.

"தலைவரே, தண்ணி ரொம்ப தூரம் போயிடுச்சு. அறுபது அடி! பேரம்மாகிட்ட இதையும் சொல்லணும்."

"அறுபதா? நான் பார்க்கிறேன்" என்றான் நரி. கூழாங்கற்களின் அருகே நின்று, மடுவை நோக்கித் தாவினான். "பதினஞ்சு! பதினஞ்சே அடி! அதைப் போய் அறுபதுங்கிறே?"

"அது நீங்க தாவினது தலைவரே. நான் நடக்கணுமே!"

"அடி அடிதான். சருகு உருண்டாலே கத்துற ஆளு நீ. நல்ல பேரு வர்ற நேரத்துல அபசகுனமா எதையாவது சொல்லி வைக்காதே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இப்போதுதான் கிடைத்த நல்ல பெயர் அதற்குள் போய்விடுமோ என்று செவந்திக்குப் பயம் வந்தது. முட்டைகளுக்கு நிழல் காட்டப் போனாள்.

மூன்றாம் நாள் தரை அதிர்ந்தது. பேரம்மாள் தன் கூட்டத்தோடு வந்து நாவல் மர நிழலில் நின்றாள். ஊரே கூடிவிட்டது. நரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னே வந்தான்.

"வாங்கம்மா. நாவல்மடுவைப் பத்திச் சொல்லணும்னா, போன வருஷம் இருநூறு வாசல். இந்த வருஷம் முந்நூத்திப் பதினாறு!"

"அடேயப்பா! சந்தோஷம்" என்றாள் பேரம்மாள். "தண்ணி எப்படி இருக்கு?"

"தண்ணிக்கென்னம்மா குறை? கரையில இருந்து பதினஞ்சே அடி."

"எண்ணினது யாரு?"

"நம்ம செவந்திதான்."

பேரம்மாள் மலர்ந்த முகத்தோடு தலையாட்டினாள். "அப்போ எங்களுக்கு இங்கே வேலை இல்லை. மழைக்கு முன்னாடி ஏதாவது ஓர் ஊருக்கு ஓடையைத் தோண்டித் தரலாம்னு பத்து நாள் ஒதுக்கி வெச்சிருந்தோம். போற ஊரெல்லாம் குறையே இல்லைங்கிறாங்க. நீங்களும் அப்படியே சொல்றீங்க. நல்லா இருங்கப்பா. நாங்க மூங்கில் காட்டுக்குக் கிளம்பறோம்."

நரியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சிரிக்கத் திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. பரிசுக்கு வந்தவர்கள் என்று நினைத்தால், உதவிக்கு வந்தவர்களா? இப்போது போய் 'குறை இருக்கிறது' என்று சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை. தோண்டியப்பன் தரையைப் பார்த்தான். முயல் காதை மடக்கிக்கொண்டது. யானைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

பேரம்மாள் போகிற போக்கில், "சரியாத்தானே எண்ணினே செவந்தி?" என்று கேட்டாள்.

ஊர் முழுவதும் செவந்தியைப் பார்த்தது. சரி என்று சொன்னால் அவள் கெட்டிக்காரி. இல்லை என்றால் மறுபடியும் பழைய வாயாடி. அந்த நேரத்தில் வெயிலில் இறக்கை விரித்து நிற்கும் முத்தையனை நினைத்துக்கொண்டாள்.

"வாசலைச் சரியாத்தான் எண்ணினேன் அம்மா. ஆனா இன்னொண்ணையும் எண்ணியிருக்கணும். இப்போ எண்ணிக் காட்டுறேன். கொஞ்சம் நில்லுங்க!"

"செவந்தி!" என்று நரி பல்லைக் கடித்தான்.

அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. முட்டைகளின் அருகே போய் நின்றாள். "யாராவது சத்தமா எண்ணுங்க" என்று சொல்லிவிட்டு மடுவை நோக்கி நடந்தாள்.

முயல்குட்டிகள்தான் முதலில் எண்ணத் தொடங்கின. "ஒண்ணு, ரெண்டு, மூணு..." பிறகு எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். பன்னிரண்டில் உற்சாகமாக இருந்த குரல் முப்பதில் குறைந்தது. ஐம்பதில் முணுமுணுப்பாயிற்று. அறுபதாவது அடியைப் பேரம்மாள் மட்டும்தான் எண்ணினாள்.

செவந்தி தண்ணீரில் வயிற்றை முக்கினாள். சொட்டச் சொட்ட எழுந்து, ஓட்டமாக ஓடி வந்தாள். முட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு காய்ந்த இலை கிடந்தது. அதன் மேல் நின்று உடம்பை உதறினாள்.

இலையில் ஒரு துளிகூட விழவில்லை.

"இவ்வளவுதான் அம்மா எங்க ஊர்த் தண்ணி" என்றாள் செவந்தி. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

பேரம்மாள் குனிந்தாள். துதிக்கை நுனியை முட்டைகளின் அருகே கொண்டுபோய்ச் சூட்டைப் பார்த்தாள். பிறகு மடுவுக்குப் போய்த் துதிக்கை நிறையத் தண்ணீர் எடுத்துவந்து, பூவுக்குத் தெளிப்பதுபோல மெல்லத் தெளித்தாள். அதன்பின் ஓடைக்கரை வழியாக மேலே நடந்தாள். மண் குவியல்கள் ஓடையை அடைத்துக் கிடந்தன. அவற்றுக்குப் பின்னால், மலைத்தண்ணீர் வழி தெரியாமல் குட்டையாகத் தேங்கி நின்றது.

"யார் வீட்டு மண்ணு இது?"

தோண்டியப்பன் மெதுவாகக் கையைத் தூக்கினான். முயலும் தூக்கியது. கீரியும் தூக்கியது.

"ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு கூடை மண்ணு ஓடைக்குள்ள போயிருக்கு. ஊர் பெருசாகப் பெருசாகத் தண்ணி சிறுசாயிடுச்சு" என்றாள் பேரம்மாள். "நல்லப்பா, நீ பதினஞ்சுன்னியே?"

நரி தலையைக் குனிந்துகொண்டான். "என் தாவலுக்குப் பதினஞ்சும்மா."

"உனக்கென்னப்பா, நீ இன்னும் தூரம் போய்க்கூடக் குடிப்பே. முட்டை வெச்சிருக்கிறது நீ இல்லையே!"

யானைகள் மூங்கில் காட்டை மறந்தன. காலாலும் துதிக்கையாலும் ஓடையைத் தோண்டின. பெருச்சாளியும் முயலும் கீரியும் மண்ணை மேட்டுக்குச் சுமந்தார்கள். நரியும் சுமந்தான், முனகிக்கொண்டுதான், ஆனாலும் சுமந்தான். நான்காம் நாள் தண்ணீர் சலசலவென்று இறங்கியது. பத்தாம் நாள் செவந்தியின் கூழாங்கற்களிலிருந்து தண்ணீருக்குப் பதின்மூன்று அடி.

நான்கு முட்டைகளில் மூன்று பொரிந்தன. ஒன்று பொரியவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் செவந்திக்கு மனம் கனத்துப்போகும். மற்ற மூன்றும் பிறந்த அன்றே குடுகுடுவென்று ஓடி, அவளை வேறு எதையும் நினைக்க விடாமல் செய்தன.

அதற்குப் பிறகு நாவல்மடுவில் வாசல் எண்ணும் பேச்சே எழவில்லை. புது வளை தோண்டினால் மண்ணை மேட்டில்தான் கொட்ட வேண்டும் என்று தோண்டியப்பனே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். செவந்தி கத்தினால் ஒருமுறையாவது எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது தடவை யாரும் வரவில்லைதான். போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஒவ்வோர் அமாவாசை அன்று காலையிலும் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று ஊர் கூடி அளக்கும். அளப்பது நரி நல்லப்பன். தாவக்கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு. அதனால் பெரிய காலைச் சின்னச் சின்னதாக வைத்து, குருவி நடை நடந்து போவான். மூன்று ஆள்காட்டிக் குஞ்சுகளும் அவன் பக்கத்திலேயே நடந்துபோகும்.

"பதின்மூணு!" என்பான் நரி.

"பதினாலு! கடைசி அடியை நீட்டி வெச்சுட்டீங்க!" என்று மூன்றும் ஒரே குரலில் கத்தும். அம்மாவின் பிள்ளைகள் அல்லவா!

நல்லப்பன் பெருமூச்சு விட்டுவிட்டு, கூழாங்கற்களுக்கே திரும்பிப்போய், முதலிலிருந்து எண்ணத் தொடங்குவான்.

நீதி: ஊர் நன்றாக இருக்கிறதா என்று அறிய, பெருமை தருவதை எண்ணிப் பயனில்லை, உயிர் காப்பதை எண்ணு, அதையும் அங்கே வாழும் எளியவரின் காலால் அளந்து பார்.