நண்டு உருட்டும் மணல் உருண்டை

நண்டு நேராக நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், அதற்கு வளையும் கிடையாது, ஒளிய வேண்டிய அவசியமும் கிடையாது. கடற்கரையில் அலையை அளந்து சொல்லும் வேலை அதனுடையது. வரும் அலைக்கு எதிரே கொடுக்கைத் தூக்கிப் பிடிக்கும். அலை கொடுக்கைவிட உயரம் என்றால் "மேட்டுக்கு ஓடுங்க" என்று கத்தும். தாழ்வு என்றால் "பயமில்லே" என்று சொல்லும். அது சொன்னால் ஆலாப் பறவைகள்கூட மறுபேச்சுப் பேசாது. அந்த மிடுக்கில் நண்டுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு நாள் மத்தியானம் ஆமை ஒன்று கரையேறியது. வயிறு நிறைய முட்டை, அதுவும் முதல் பேறு.

"அண்ணே, முட்டையை எங்கே வைக்கட்டும்?"

நண்டு கொடுக்கைத் தூக்கிப் பார்த்தது. அலை அதில் பாதிகூட இல்லை. "இங்கேயே வை தாயி. இந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு மேடு ஏறணுமா என்ன?"

ஆமை தயங்கியது. "தப்பா நினைக்காதீங்கண்ணே. வர்ற வழியிலே அலைமேலே மிதந்து களைப்பாறினேன். அலை என்னை இழுத்துக்கிட்டு வரலே. தூக்கிச்சு, இறக்கிச்சு, அதுபாட்டுக்கு என்னைத் தாண்டிப் போயிடுச்சு. எப்பவும் அப்படித்தான். ஆனா இன்னைக்கு ஒரு முகடு போனா அடுத்த முகட்டைக் காணோம். அவ்வளவு தள்ளித் தள்ளி வருது. எனக்கு என்னவோ பயமா இருக்கு."

முகட்டுக்கும் முகட்டுக்கும் நடுவிலுள்ள அந்தத் தூரத்தைத்தான் நாம் இப்போது அலைநீளம் என்கிறோம். நண்டு அதை ஒரு நாளும் கவனித்ததில்லை. சரி, தெரியாது என்று சொல்லிவிட்டுப் போகலாமே! அதற்கு வாய் வருமா? ஆலாக்கள் வேறு சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

"தூரமாம் தூரம்! அலைக்கு உயரம்தான் கணக்கு. எனக்கே சொல்லித் தர்றியா?" என்றது நண்டு. ஆலாக்கள் கெக்கெக்கே என்று சிரித்தன. ஆமை தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே குழி தோண்ட ஆரம்பித்தது.

நண்டு கடலைப் பார்த்தது. ஓர் அலை வந்தது. அடுத்தது வர நெடுநேரம் ஆயிற்று. உயரம் என்னவோ குறைவுதான். ஆனால் அது சட்டென்று திரும்பவில்லை. மணலில் ஏறிக்கொண்டே போனது. அடுத்த அலை இன்னும் மேலே ஏறியது. தூரத்தில் எங்கோ புயல் அடிக்கிறது. ஆழ்கடலில் நீள அலைதான் வேகமாக ஓடும். அதனால் புயலுக்கு முன்னால் அதுதான் வந்து சேரும். கடலில் தாழ்ந்து வந்து, கரைகிட்டே வந்த பிறகுதான் எழும்பும். நண்டுக்கு எல்லாம் அப்போதுதான் புரிந்தது.

'நிறுத்து தாயி' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. ஆலாக்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தன. சொன்ன சொல்லை எந்த முகத்தோடு மாற்றுவது? நண்டு வாயை மூடிக்கொண்டது. அடப்பாவி, ஒரு வார்த்தைதானே!

ஆமை முட்டையிட்டு, மணலைத் தள்ளி மூடியது. "உங்க புண்ணியத்திலே நல்லபடியா முடிஞ்சுதுண்ணே" என்றது. அது தண்ணீருக்குத் திரும்பும் முன்பே ஒரு பெரிய அலை எழும்பி வந்து குழியைப் பறித்துவிட்டது. வெள்ளை வெள்ளையாக முட்டைகள் உருண்டு கடலுக்குப் போயின. ஆமை துடுப்புக் கால்களை அடித்து அடித்துப் பார்த்தது. ஒன்றைக்கூடத் தடுக்க முடியவில்லை.

அது நண்டைத் திட்டவில்லை. "நீங்க அலையைப் பார்த்துக்கிட்டேதானே அண்ணே நின்னீங்க?" என்று மட்டும் கேட்டது.

நண்டுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆமையின் முகத்தைப் பார்க்க முடியாமல் பக்கவாட்டில் நகர்ந்து, மணலைத் தோண்டி உள்ளே போய் ஒளிந்துகொண்டது. தண்ணீர் வடிந்த பிறகு வெளியே வந்தது. ஆமை போய்விட்டிருந்தது. நண்டு ஈர மணலை வாயில் அள்ளி, முட்டைபோல ஒரு சின்ன உருண்டை பிடித்து, குழி இருந்த இடத்தில் வைத்தது. பிறகு இன்னொன்று. அடுத்த அலை வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போனது. அது மறுபடியும் உருட்டியது.

அன்று பிடித்த வழக்கம்தான் இது. ஆமைக்குத் திருப்பிக் கொடுக்க நண்டு இன்றைக்கும் வளையைச் சுற்றி மணலை உருட்டி உருட்டி வைக்கிறது. யார் காலடி கேட்டாலும், ஆமைதான் வந்துவிட்டதோ என்று உள்ளே ஓடிவிடுகிறது.