கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஓடிய கார்டு

டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தோடு, கேம் விளையாடப் பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போனாள் ஜெசிந்தா. கடைக்காரர் குருமூர்த்தி ஒரே மாதிரி இரண்டை எடுத்து வைத்தார். அவளுக்குத் தலை சுற்றியது.

"எது நல்லா ஓடும்ணே? போட்டுக் காட்டுங்களேன்."

"அந்த வழக்கமே இங்க கிடையாது. என் வாய்ச்சொல்தான் கேரண்டி. என் கம்ப்யூட்டர்ல ஓடுறதும் இதே கார்டுதான், பாரு!"

அவர் திருப்பிக் காட்டிய திரையில் கார் பந்தயம் பறந்தது. ஜெசிந்தா இன்னும் குழம்பிப்போனாள்.

"எதை எடுக்கறதுன்னே தெரியலண்ணே. எல்லாம் ஒண்ணுதானே? உங்க கம்ப்யூட்டர்ல இருக்கறதை எனக்குக் கொடுத்துட்டு, இதுல ஒண்ணை நீங்க போட்டுக்கோங்க."

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். குருமூர்த்தி தலையைச் சொறிந்தார். இரண்டு கார்டுகளையும் மெல்ல உள்ளே தள்ளிவிட்டு, அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்தார்.

"அதே விலைதாம்மா. இரு, போட்டுக் காட்டுறேன்."