பெரிய எழுத்து

“ஒரு எழுத்துகூட மாத்தக்கூடாது டீச்சர். ஆனா புது மெஷின்ல ஓடணும்.”

கேட்டவர் அருமைநாயகம். துறைமுகத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டது சுயம்புக்கனி டீச்சரிடம். தூத்துக்குடியில் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவள். சிஷ்யனைவிட இருபது வயது இளையவள். ஞானம் பிறந்த தேதி பார்ப்பதில்லை. அதோடு விடுங்கள்.

“ஊரு மாறினா சட்டையை மாத்துறோம், சாப்பாட்டை மாத்துறோம்” என்றாள் டீச்சர். “எதையும் மாத்தாம எப்படி அண்ணாச்சி பிழைக்கிறது?”

“அவன் எழுதினது. கைவைக்க விடமாட்டேன்.”

அவன் என்பது மகன். ஜெபசிங். பைபாஸ் ரோட்டில் லாரி மோதிப் போய்விட்டான். வருஷம் ஒன்று ஆகிறது.

அவன் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தான். C மொழியில். ஆடுபுலி ஆட்டம். மெஷின் புலி, மனுஷன் ஆடு. புலிக்குத் தன் ஆட்டத்தையே சொல்லிக்கொடுத்திருந்தான். அவனைப் போலவே அவசரப்படும். அவனைப் போலவே மூலையில் போய் மாட்டிக்கொள்ளும்.

தகப்பனார் தினமும் சாயங்காலம் அதோடு உட்காருவார். வேறு யாரோடும் பேச்சு இல்லை.

அந்தப் பழைய விண்டோஸ் மெஷின் சாகக் கிடந்தது. ஆட்டத்தின் நடுவில் அணைந்துவிடும். என்றைக்காவது ஒருநாள் எழும்பாது. அன்றைக்கு மகன் இரண்டாம் தடவை போவான்.

அதனால்தான் இந்த வயதில் C படிக்க வந்தார்.

வந்த முதல் நாள் பாடம் கேட்கவில்லை. புலம்பினார். துறைமுகத்தில் அத்தனை பேரும் ஐயா என்பார்களாம். வீட்டில் இவன் ஒருவன் நீ, வா, போ என்பானாம். சொல்லிச் சொல்லிப் பார்த்தும் திருந்தவில்லையாம். கடைசியாகப் போன் செய்தபோதும் “நீ சாப்பிட்டியா?” என்றுதான் கேட்டான். இவர் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார்.

பிறகு எழுத்துக்கு வந்தார்கள். தமிழில் ஒரே அளவுதானே, இங்கிலீஷில் மட்டும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று எதற்கு இரண்டு என்று கேட்டார்.

“இங்கிலீஷ்காரன் பாஷைல ‘ங்க’ கிடையாது அண்ணாச்சி. மரியாதையைப் பெரிய எழுத்துலதான் காட்டணும், என்ன செய்வான் பாவம்.”

அன்றைக்குத்தான் அவர் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

டீச்சர் ஒரு மெஷின் கொடுத்தாள். அதில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ். மனுஷன் எழுதியதை மெஷின் தன் பாஷைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கம்பைல் என்று பேர். பழைய மெஷின் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டதைப் புதியது ஏற்கவில்லை. பிழை, பிழை என்று துப்பியது.

இதற்கு முன்பே ஒரு கடையில் கொடுத்துப் பார்த்திருக்கிறார். கடைக்காரன் பிழை காட்டிய வரிகளையெல்லாம் வெட்டி எறிந்தான். பிழை போயிற்று. புலி நின்ற இடத்திலேயே நின்றது. இவர் கடைக்காரனை அடிக்கப் போய்விட்டார்.

“உயிரை எடுத்துட்டா பிணம் எந்த ஊர்லயும் கிடக்கும்” என்றாள் டீச்சர்.

அவள் முதல் பிழையைப் பார்த்தாள். புரோகிராம் conio.h என்று ஒரு கோப்பைக் கேட்டது. பழைய மெஷினில் அது வீட்டுச் சாமான். புதியதில் அந்தப் பேரே தெரியாது.

டீச்சர் அதே பேரில் ஒரு கோப்பு எழுதி வைத்தாள். கீபோர்டில் ஒரு சாவியைத் தட்டினால் என்ன நடக்க வேண்டும் என்று உள்ளே நாலு வரி.

பிழை போயிற்று.

“அவன் வரியைத் தொட்டீங்களா?”

“தொடல. கேட்டான். கொடுத்தேன்.”

அருமைநாயகம் அடுத்த பிழையில் விரலை வைத்தார்.

ஒவ்வொன்றாகப் போயிற்று. கேட்டதெல்லாம் கிடைத்தது. கடைசியில் ஒரே ஒரு பிழை நின்றது.

Appa.h: அப்படி ஒரு கோப்பு இல்லை.

“இருக்கே டீச்சர். நானே அடிச்சதுல்லா.”

உண்மைதான். ஆடுகளை முதலில் எங்கெங்கே வைப்பது என்பதில் தகப்பனாருக்கென்று ஒரு வழக்கம். அதை நீயே எழுது என்று மகன் உட்கார வைத்தான். நீயே என்றதற்கு அன்றைக்கும் சண்டை. ஆனாலும் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதி, அப்பா என்று தானே பேர் வைத்தார். கோப்பு பக்கத்திலேயே கிடந்தது.

மறுபடி கம்பைல் செய்தார். அப்பா இல்லை என்றது.

மறுபடி. அப்பா இல்லை.

“போனது அவன். இல்லைங்கிறது என்னையா?”

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள்.

“பழைய மெஷினுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒண்ணு. இது வித்தியாசம் பாக்கும்.”

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். அவர் வைத்த பேர் appa.h. மகன் எழுதிய வரியில் Appa.h.

கோபம் வந்துவிட்டது. எதையும் ஒழுங்காய்ச் செய்யமாட்டான் என்றார். ஆளுக்கே மரியாதை தெரியாதவனுக்கு எழுத்தா தெரியப்போகிறது என்றார். சத்தம் அதிகம். டீச்சர் விட்டுவிட்டாள்.

சத்தம் அடங்கியதும் அந்த வரிக்கு மேலே இருந்த வரிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். மகன் எழுதிய கோப்புகளின் பேர்கள்.

puli.h
aadu.h
palagai.h
jebasingh.h

அவர் வாசித்தார். புலி. ஆடு. பலகை. மகன் பேர்.

“எல்லாம் சின்னது” என்றார்.

“ஆமா.”

“அவன் பேருகூடவா?”

டீச்சரின் விரல் கீழே இறங்கி, Appa.h வரியில் நின்றது.

அருமைநாயகம் வெகுநேரம் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார்.

“அவன் வரியை மாத்த வேண்டாம், இல்லியா டீச்சர்?”

“வேண்டாம்.”

“என் கோப்புப் பேரை மாத்தினா?”

“ஓடும்.”

“நீங்களே அடிச்சிருங்க. எனக்குக் கண்ணு மறைக்கி.”

“நீங்க வச்ச பேரு, அண்ணாச்சி. நீங்கதான் மாத்தணும்.”

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பழைய பேரை அழித்தார். இடதுகைச் சுண்டுவிரலால் ஷிப்ட் சாவியை அழுத்தினார். A அடித்தார். பெரிதாக விழுந்தது. அதைப் பார்த்தபடியே மற்றதையும் அடித்தார்.

APPA என்று வந்தது.

சுண்டுவிரல் ஷிப்டிலேயே இருந்தது. எடுக்க மனம் வரவில்லை.

“விரலை எடுங்க அண்ணாச்சி” என்றாள் டீச்சர். “அவன் குடுத்தது ஒரு எழுத்துதான்.”