மச்சான் பிடித்த கயிறு

கேளுங்கள் பிள்ளைகளே, பக்கத்தில் பெரியவர்கள் இருந்தால் அவர்களும் கேளுங்கள். இது கடலிலே முத்து விளைந்த காலத்துக் கதை. ராஜாவுக்கு முடி இருந்தது. முடியிலே முத்து இருந்தது. அந்த முத்தை எடுத்துக் கொடுத்தவனுக்கு ஓலைக் குடிசை இருந்தது.

அப்படிப்பட்ட குடிசைகள் நிறைந்த ஒரு கரை. எல்லாரும் வேதக்காரர்கள், கிறிஸ்துவை நம்புகிறவர்கள். மணல்மேட்டிலே சின்னதாக ஒரு மாதா கோயில்.

முத்து எடுப்பது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கதை விளங்கும். முங்குகிறவன் ஒரு கனத்த கல்லின் வளையத்தில் காலை மாட்டிக்கொள்வான். கல் அவனை விறுவிறுவென்று அடியிலே கொண்டுபோய்விடும். தரை தட்டியதும் காலை உருவிக் கல்லை விட்டுவிடுவான். கல்லை வேறொரு கயிற்றால் மேலே இழுத்துக்கொள்வார்கள். அவன் மூச்சை அடக்கிச் சிப்பி பொறுக்குவான். மூச்சு முட்டியதும், இடுப்பிலே கட்டிய கயிற்றை மூன்று தரம் வெடுக்கென்று வெட்டி ஆட்டுவான். மேலே கயிறு பிடித்தவன் அந்த நொடியே இழுக்க வேண்டும், சிப்பிக் கனத்தோடு அவனால் தானாக ஏற முடியாது.

அந்தக் கயிற்றை அண்ணன் பிடிக்க மாட்டான். தம்பி பிடிக்க மாட்டான். பெற்ற அப்பன்கூடப் பிடிக்க மாட்டான். மச்சான்தான் பிடிப்பான், பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். மற்றவர்களுக்குள் பங்கு உண்டு, பகை உண்டு. மச்சானுக்கோ தன் தங்கச்சியின் தாலியே அந்தக் கயிற்றில் அல்லவா இருக்கிறது? அதை எவன் கை விடும்? அப்படித்தான் அந்தக் கரை நம்பியது.

சந்தியாகு என்பவன் முங்குவான். அவன் பெண்டாட்டி கித்தேரி. அவளுக்கு மூத்தவன் கயித்தான், அவன்தான் கயிறு பிடிப்பான்.

ஒருநாள் நல்ல வெயில். சந்தியாகு கல்லின்மேல் காலை வைத்தான்.

"மச்சான், கண்ணு அசந்துராதீரும். உம்ம தங்கச்சி இன்னைக்குக் கணவாய்க் குழம்பு வைக்கிறா. நான் வராட்டி உமக்கும் கிடையாது."

"போம்வே, முதல்ல சிப்பியக் கொண்டாரும். குழம்ப அப்புறம் பாப்போம்" என்றான் கயித்தான்.

சந்தியாகு சிரித்துக்கொண்டே சிலுவை போட்டு முங்கினான். கல் கீழே போனது. கல் மேலே வந்தது. இடுப்புக் கயிறு கயித்தான் கையில் இருந்தது.

அப்போது பக்கத்தில் ஒரு தோணி வந்தது. அதிலிருந்த ஒருவன் கூப்பிட்டுச் சொன்னான்: "என்ன கயித்தான், மச்சான் அடியில முத்தெடுக்கான், நீ மேல நின்னு ஈ ஓட்டுதியா?"

எல்லாரும் சிரித்தார்கள். கயித்தானுக்குச் சுருக்கென்று தைத்தது. தோணியின் முன்னால் போய் நின்று சொன்னால்தான் பதில் அவன் காதில் விழும். கயிறு அவ்வளவு தூரம் எட்டாது. என்ன செய்தான் தெரியுமா? கயிற்றைத் துடுப்புக் கட்டையிலே ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு முன்னால் போனான்.

"நான் ஈ ஓட்டுதேன், நீ உன் பெண்டாட்டிக்குப் பயந்து ஓடுத!" என்றான். இந்தத் தோணி சிரித்தது. அவன் ஒன்று சொன்னான், இவன் ஒன்று சொன்னான். எல்லார் கண்ணும் அந்தப் பக்கமே இருந்தது, கயித்தான் கையில் கயிறு இல்லாததை ஒருவரும் கவனிக்கவில்லை.

கட்டைக்குக் கை இல்லை. கயிறு வெட்டினால் கட்டைக்குத் தெரியுமா?

அவன் திரும்பி வந்தபோது கயிறு விறைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. முடிச்சை அவிழ்த்தான், இழுத்தான், இழுத்தான். சந்தியாகு வந்தான். இடுப்பிலே பை நிறையச் சிப்பி. கண் திறந்திருந்தது. பார்வை இல்லை.

"கயித்த ஆட்டுனானா?" என்று எல்லாரும் கேட்டார்கள்.

கயித்தான் துடுப்புக் கட்டையைப் பார்த்தான். "ஆட்டவே இல்ல" என்றான்.

அந்த ஒரு சொல்தான் கல். அதில் அவன் காலை மாட்டிக்கொண்டான்.

பிணம் கரைக்கு வந்தது. ஆட்டாமல் எப்படிச் செத்தான் என்று கரை முழுக்கப் பேச்சு. அந்தக் கரையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஆண்கள் கடலுக்கு அடியில் இருக்கிற நேரத்தில் பெண்கள் தலையை அவிழ்த்துச் சீவக் கூடாது. முடி அவிழ்ந்தால் அங்கே கயிற்று முடிச்சு அவிழும் என்பார்கள். அன்றைக்குக் கித்தேரி குளித்துவிட்டுத் தலை சீவியிருந்தாள். இடுப்பிலே கைக்குழந்தை, அது கொண்டையைப் பிடித்து இழுத்து இழுத்து அவிழ்த்துவிட்டது, என்ன செய்வாள்? வாசலில் நின்று சீவியதை ஒருத்தி பார்த்திருக்கிறாள்.

"முடிய அவுத்துப் போட்டு எம் மவனக் கொன்னுட்டாளே!" என்று மாமியார் மார்பில் அடித்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். கித்தேரிக்கு யாரும் அடுப்புக்கு நெருப்புக் கொடுக்கவில்லை. கிணற்றிலே அவளோடு சேர்ந்து யாரும் நீர் இறைக்கவில்லை. கோயிலில் அவள் பக்கத்தில் யாரும் முழங்கால் போடவில்லை. கொடுமை என்னவென்றால், அவளே அதை நம்பினாள். சீப்பைக் கூரை ஓலையில் செருகினாள், பிறகு அதைத் தொடவே இல்லை. தலை சடை பிடித்தது. சோறு இறங்கவில்லை. பால் வற்றியது. குழந்தை வற்றிய மார்பைச் சப்பிச் சப்பி அழுதது.

கயித்தான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். வாய் திறக்கவில்லை.

ஆனால் அவன் வலது கை சும்மா இருக்கவில்லை. சோற்றிலே கை வைத்தால் மணிக்கட்டில் யாரோ வெட்டி இழுப்பதுபோல இருக்கும். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். சோறு சிதறும்.

முதலில் அவன் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினான். ஆளுயரத் திரி. பற்றவைக்கும்போது கை வெட்டியது. திரி அணைந்தது.

பிறகு தங்கச்சி வீட்டுக்கு நல்ல நல்ல மீனாகக் கொண்டுபோனான். "அண்ணே, புருசனக் கொன்னவளுக்கு ஏண்ணே மீனு?" என்றாள் அவள். கை வெட்டியது. மீன் மணலில் விழுந்தது.

பிறகு, யாருக்கும் தன்னைத் தெரியாத ஒரு கரைக்கு ஓடிப்போனான். அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கை கூடவே வந்திருந்ததே! அங்கேயும் வெட்டியது. திரும்பி வந்துவிட்டான்.

வருஷம் ஒன்று திரும்பியது. மறுபடி முத்துக் குளிக்கும் காலம். கடலில் இறங்கும் முன்னே முங்குகிறவனும் கயிறு பிடிக்கிறவனும் சாமியாரிடம் தங்கள் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், அது அந்தக் கரையின் கட்டளை. கயித்தானின் கடைசித் தங்கச்சிக்கு அப்போதுதான் கலியாணம் ஆகியிருந்தது. அவள் புருஷனுக்கும் கயித்தான்தான் கயிறு பிடிக்க வேண்டும்.

காலையில் கோயில் வாசலில் நின்றான். உள்ளே பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுக் கித்தேரி வந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. குழந்தை தோளில் துவண்டு கிடந்தது.

"அண்ணே" என்றாள். "நான் தலை சீவுனதச் சொன்னேன். சாமியாரு அது பாவமே இல்லங்காரு. பாவமில்லாதத மன்னிக்க முடியாதாம். அப்போ என்னை யாருண்ணே மன்னிப்பா?"

குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"நான் ரொம்ப நாளைக்கு இருக்க மாட்டேண்ணே. பிள்ளைய நீதான் வச்சுக்கணும்" என்று சொல்லிவிட்டு, மெல்ல மணலில் இறங்கிப் போனாள்.

பாவம் செய்யாதவள் மன்னிப்புக் கேட்டுப் போகிறாள். செய்தவன் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். உலகத்திலே இதைவிட இருட்டு உண்டா?

கயித்தான் உள்ளே போய் முழங்கால் போட்டான். சாமியார் தூர தேசத்துக்காரர், கடலுக்குப் புதுசு.

"பொய் சொன்னேன் சாமி. கெட்ட வார்த்தை பேசினேன். கறி ஆகாத வெள்ளிக்கிழமையில கறி தின்னேன்."

"வேறே?"

"வேற இல்ல சாமி."

கை வெட்டியது. ஒரு தரம்.

"வேறே ஒன்றும் இல்லையா?"

"இல்ல சாமி."

கை வெட்டியது. இரண்டு தரம். அப்போது அவனுக்கு ஒன்று தோன்றியது. இத்தனை நாளும் அடியிலே கிடக்கிறவன் சந்தியாகு இல்லை, நான்தான். கல்லை விடாமல் காலில் மாட்டிக்கொண்டு நான்தான் கிடக்கிறேன். மேலே எத்தனை பலசாலி நின்று இழுத்தாலும், கல்லை விடாதவன் ஏற முடியாதே.

மூன்றாம் தரம் கை வெட்டியது.

"சாமி, கல்ல விட்டுருதேன்" என்றான்.

"எந்தக் கல்?" என்றார் சாமியார், ஒன்றும் புரியாமல்.

"எம் மச்சான் கயித்த ஆட்டுனான் சாமி! கட்டையில முடிஞ்சு போட்டுட்டு ஏச்சுப் பேசப் போனேன். அவன் ஆட்டியிருப்பான், ஆட்டி ஆட்டிப் பாத்திருப்பான். நான்தான் கொன்னேன். தங்கச்சி மேல பழி விழுந்திச்சு, வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

சொல்லச் சொல்ல அழுகை வந்தது. சாமியாரும் அழுதார். பிறகு கை உயர்த்திப் பாவமன்னிப்புக் கொடுத்தார். கயித்தான் தலை நிமிர்ந்தான். எதிரே பாடுபட்ட சுரூபம், சிலுவையில் தொங்கும் ஆண்டவர். அந்தக் கைகளைப் பார்த்தான். ஆணி அடித்த கைகள். ஏச்சுப் பேசினார்கள், இறங்கி வா என்று சிரித்தார்கள், ஆனாலும் பிடித்த கயிற்றை விட்டுவிட்டுப் பதில் சொல்லப் போகாத கைகள்.

"ஆண்டவர் உன்னை மன்னித்துவிட்டார். நீ சொன்னதை நான் வெளியே சொல்ல முடியாது. ஆனால் உன் தங்கை தலையில் இருக்கும் பழியை யார் இறக்குவது?" என்றார் சாமியார்.

"நான்தான் சாமி."

தோணிகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கடலில் விடுவதற்காகக் கரை முழுக்கக் கூடியிருந்தது. கித்தேரி ஒதுங்கி நின்றாள். கயித்தான் தன் கயிற்றை எடுத்துக்கொண்டு எல்லார் நடுவிலும் போய்ச் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை.

"கேட்டுக்கிடுங்க. அவ முடி அவுந்ததால எவன் முடிச்சும் அவுழல. நான் முடிச்சுப் போட்டதாலதான் எம் மச்சான் செத்தான்."

பெண்கள் கித்தேரி பக்கம் திரும்பினார்கள். பிறகு மாமியார்க்காரி காறித் துப்பினாள். கடைசித் தங்கச்சியின் புருஷன் வந்து கயித்தான் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு அந்தக் கரையில் எந்தக் கயிறும் அவன் கைக்கு வரவில்லை.

கித்தேரி அவனைப் பார்த்தாள். "பாவி" என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்குப் போனாள். ஓலையில் செருகிய சீப்பை எடுத்தாள். தோணிகள் எல்லாம் கடலில் இருக்கிற நேரம். ஊர் பார்க்க வாசலில் உட்கார்ந்து, சடையை அவிழ்த்து, அழுது அழுது சீவினாள். சிக்கு ஒவ்வொன்றாக விழுந்தது. பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி மெல்ல வந்து அடுப்புக்கு நெருப்பு வைத்துவிட்டுப் போனாள்.

கயித்தான் அன்றைக்குச் சோறு தின்றான். கை வெட்டவில்லை. கண்ணீர் விழுந்து சோறு உப்புக் கரித்தது, ஆனாலும் ஒரு பருக்கை சிதறவில்லை.

அதற்குப் பிறகு அவன் தோணி தள்ளினான், வலை உலர்த்தினான், யாரும் கூப்பிடாத வேலையெல்லாம் செய்தான். தங்கச்சி அவனோடு பேசவில்லை. நாள் போனது, மாதம் போனது, பேசவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஒருநாள் அவள் வாசல் வழியே விறகு சுமந்து போனான். குழந்தை தத்தித் தத்தி வந்தது. இப்போது கன்னத்தில் சதை வைத்திருந்தது. வந்து அவன் வலது கை விரலைப் பிடித்தது. இழுத்தது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்.

கயித்தான் விறகைப் போட்டான். அந்த நொடியே குனிந்து குழந்தையைத் தூக்கினான்.

கித்தேரி உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளையைக் கொடு என்று சொல்லவில்லை. வாசலுக்கு வந்து, "வெயில்ல நிக்காத" என்றாள்.

மறைத்த பாவம் காலில் மாட்டிய கல், அதை வாய் திறந்து விட்டவனை ஆண்டவர் ஒருநாளும் ஆழத்தில் விடமாட்டார்.