துபாஷி ஓணான் தலையாட்டியது

பெற்ற தாய் மேல் சத்தியம், காலையில் குடித்த கஞ்சி மேல் சத்தியம், இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் என் நாக்கு இந்த இடத்திலேயே சுருண்டு உள்ளே போகட்டும். எல்லாம் நடந்தது. நடந்தபடியேதான் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் எறும்பு முதல் யானை வரை எல்லாம் பேசும். தெற்கே ஒரு கடற்கரை. உப்பு மண்ணும் முள்ளடர்ந்த உடைமரமும் தவிர வேறொன்றும் இல்லாத ஊர். அந்த ஊரில் வேலாண்டி என்று ஒரு ஓணான் இருந்தது. அது ஒருநாள் கரையோரம் கிடந்த கயிற்றுச் சுருளுக்குள் புகுந்து அசந்து தூங்கிவிட்டது. சுருளோடு அதைத் தூக்கிக் கப்பலில் போட்டுவிட்டார்கள். கண்ணை விழித்துப் பார்த்தால் சுற்றிலும் கடல். அடுத்த துறைமுகம் வரைக்கும் போய், வேறொரு தோணியில் தொற்றிக்கொண்டு ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்தது.

போகும்போது வெறும் ஓணான். வரும்போது தலையில் ஒரு கிழிசல் துணியை முண்டாசாகக் கட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணாச்சி கப்பல்ல போய் என்ன கத்துக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள் அணில் இசக்கி. பக்கத்து மரத்துக்காரி. ஊரில் எது நடந்தாலும் முதல் கேள்வி அவளுடையது.

"இங்கிலீசு."

"அப்படியா! பேசுறதுக்கு அவங்க என்ன சொல்வாங்க?"

"ஸ்பீக்" என்றது வேலாண்டி. கூட்டம் வாயைப் பிளந்தது. அதைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் அள்ளிவிட ஆசை வந்தது. "டாக் என்றும் சொல்வாங்க. ஸே என்றும் டெல் என்றும்கூட உண்டு."

"ஒரு பேச்சுக்கு எதுக்கு அண்ணாச்சி நாலு?"

வேலாண்டிக்குத் தெரியாது. கப்பலில் காதில் விழுந்தது அந்த நாலுதான். எல்லாம் ஏதோ வாயைத் திறக்கிற சமாசாரம் என்பது மட்டும் பிடிபட்டிருந்தது. "வெள்ளைக்காரனுக்கு வாய் பெரிசு. நாலும் கொள்ளும்" என்றது. ஊரே சிரித்தது. வெள்ளைக்காரன் பேச்சை ஊருக்கும், ஊர் பேச்சை அவனுக்கும் மாற்றிச் சொல்ல அன்றே வேலாண்டியைத் துபாஷி ஆக்கிவிட்டார்கள்.

ஆனால் மரக்கிளையில் தனியாக உட்கார்ந்தபோது அந்தக் கேள்வி அதை முள்ளாகக் குத்தியது. நம்மிடமும்தான் பேசுவது இருக்கிறது, சொல்வது இருக்கிறது, ஏவுவது இருக்கிறது, ஏசுவதும் இருக்கிறது. சம்பந்தியிடம் பேசுவதும் வேலைக்காரனை ஏவுவதும் ஒன்றா? அதேபோல் அந்த நாலும் நாலு விதமாக இருந்துவிட்டால்?

இப்படியே சில காலம் போனது. ஒருநாள் கடலில் பாய்மரம் தெரிந்தது. அந்தக் கப்பல் எவ்வளவு பெரிசு என்றால், அதன் உச்சியில் கட்டியிருந்த ஆடு மேகத்தை மேய்ந்துகொண்டிருந்தது. கப்பலில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. கப்பலின் வெள்ளைக்காரத் துரை தன் ஆட்களோடு கரையில் இறங்கினான்.

தண்ணீர் என்றால் அந்த ஊரில் ஒரே ஓர் ஊற்றுதான். உடும்புகள் பரம்பரை பரம்பரையாக நகத்தால் தோண்டிக் காப்பாற்றி வந்த நன்னீர் ஊற்று. அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியூரிலிருந்து யார் வந்தாலும், முதலில் நிழலில் உட்கார்ந்து ஊர்க்காரர்களோடு பேசி முடிக்க வேண்டும். எத்தனை வாய், எத்தனை குடம், எத்தனை நாள் என்று கல்யாணம் பேசுவது போல் பேச்சு நடக்கும். கேட்டவர்களுக்கு இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் பேசி முடிக்காமல் குடம் இறங்காது.

உடும்புத் தலைவர் மாடசாமி ஆள் அனுப்பினார். "வேலாண்டியைக் கூப்பிடுங்க. நாளைக்குக் காலையில துரைகூடப் பேசி முடிக்கணும்."

வேலாண்டி ஆகட்டும் என்று தலையாட்டி ஆளை அனுப்பிவைத்தது.

உச்சி வெயிலில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அது படகடிக்குப் போனது. அங்கே கப்பல் பூனை ஒன்று கருவாட்டை நக்கிக்கொண்டு படுத்திருந்தது. துறைமுகம் துறைமுகமாகச் சுற்றிய பூனை. எட்டு ஊர் பாஷை தெரியும், எட்டிலும் திட்டத் தெரியும்.

"பூனையாரே..." என்று வேலாண்டி குரலைத் தாழ்த்தியது. "உம்மகிட்ட ஒண்ணு கேக்கணும். இந்த டாக், டெல் இருக்கே..."

"இருக்கு. அதுக்கென்ன?"

"அது ரெண்டுக்கும்..."

சரசரவென்று சத்தம். படகில் சிந்திக் கிடந்த அரிசியைப் பொறுக்க வந்த இசக்கி, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். "அட, துபாஷி அண்ணாச்சி! இங்க என்ன பண்ணுதீங்க?"

வேலாண்டி கேள்வியை அப்படியே விழுங்கிவிட்டது. அவள் காதில் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் மரத்துக்கு மரம் செய்தி போய்விடும். துபாஷிக்கு இங்கிலீசு தெரியாதாம்! முண்டாசைச் சரிசெய்தபடி வேலாண்டி சொன்னது: "அது ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பூனைக்குத் தெரியுமா என்று சோதிச்சுப் பார்க்க வந்தேன்."

பூனை ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "தெரியும். சொல்லட்டுமா?"

சொல்லு என்று ஒரு வார்த்தை போதும். இசக்கி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வேண்டாம், வேண்டாம். தெரிந்தவனுக்கு எதுக்குச் சொல்லிக்கிட்டு" என்று வேலாண்டி திரும்பி நடந்தது.

"பார்த்தியா! பூனைக்கே பரீட்சை வைக்காரு" என்று இசக்கி பின்னால் பூரித்துப்போய்ச் சொன்னது காதில் விழுந்தது. அந்தப் புகழ்ச்சி சுட்ட அளவுக்கு வெயில்கூடச் சுட்டதில்லை.

மறுநாள் காலையில் ஊர் முழுவதும் உடைமர நிழலில் கூடியது. மாடசாமி ஒரு பக்கம். எதிரே துரை, கவிழ்த்துப் போட்ட பீப்பாயின் மேல். நடுவில் வேலாண்டி.

துரை வேலாண்டியைப் பார்த்தான். "ஸ்பீக்?" என்று கேட்டான்.

இது கேட்ட சொல். வேலாண்டி கம்பீரமாகத் தலையை ஆட்டியது. ஊரே தலை நிமிர்ந்து உட்கார்ந்தது.

அடுத்து துரை கூட்டத்தைக் காட்டி மளமளவென்று ஏதோ கேட்டான். அவ்வளவு நீளத்தில் வேலாண்டிக்குப் பிடிபட்டது இரண்டே சொல். ஒன்று டாக். அதைச் சொல்லும்போது துரை இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்காட்டினான். இன்னொன்று டெல். அப்போது ஒரே ஒரு விரலை நீட்டினான். பிறகு, எது என்பது போல் புருவத்தைத் தூக்கினான்.

"என்னவே கேக்கான்?" என்றார் மாடசாமி.

வேலாண்டி படகடிப் பக்கம் பார்த்தது. தெரியவில்லை என்று சொல்லிவிடலாமா? படகடியில் பூனை இருக்கிறது, கூப்பிட்டுக் கேட்கலாம். ஆனால் முன்வரிசையில் இசக்கி தன் குட்டிகளை உட்காரவைத்து, "அண்ணாச்சி பேசுறதைப் பாருங்க, நல்லா பாருங்க" என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

"பேசலாமா என்று கேக்கான்" என்றது வேலாண்டி.

"பேசத்தானே வந்திருக்கோம். ஆகட்டும் என்று சொல்லு."

வேலாண்டி துரையின் பக்கம் திரும்பியது. துரை ஒற்றை விரலை மறுபடி நீட்டி, "டெல்?" என்றான்.

எல்லாம் ஒன்றுதானே, பெரிய வாய்க்கு நாலு சொல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வேலாண்டி தலையை ஆட்டியது. சந்தேகம் யாருக்கும் வரக்கூடாதென்று பலமாகவே ஆட்டியது.

துரை எழுந்தான். கூட்டத்தைப் பார்த்து இரண்டு வாக்கியம் சொன்னான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆட்கள் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு நேரே ஊற்றுக்குப் போனார்கள். பின்னால் வந்தவர்கள் முள்ளை வெட்டிச் சுற்றிலும் வேலி அடைத்தார்கள்.

"ஏ, நில்லுங்க! இன்னும் பேசவே ஆரம்பிக்கலையே!" என்று மாடசாமி ஓடினார். ஒரு தடிக்கம்பு அவரைத் தள்ளிவிட்டது.

படகடியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்து, துரை எழுந்துபோன பீப்பாய் மேல் ஏறி உட்கார்ந்திருந்த பூனை சிரித்தது. "என்னத்தைப் பேச? உங்க துபாஷிகிட்ட துரை முறையாக் கேட்டாரே. ஸ்பீக் என்றால், உனக்கு அந்தப் பாஷை வருமா என்று கேட்டது. டாக் என்றால் ரெண்டு பக்கமும் வாய் இருக்கும். நீ பேசினால் நானும் பேசுவேன். டெல் என்றால் ஒரு பக்கம் வாய், எதிர்ப்பக்கம் காது மட்டும். இவங்ககூடக் கலந்து பேசட்டுமா, இல்லை எங்க முடிவை இவங்களுக்குச் சொல்லிவிட்டால் போதுமா என்று துரை கேட்டார். சொன்னால் போதும் என்று உங்க ஆள்தான் தலையாட்டினார்."

எல்லோரும் வேலாண்டியைப் பார்த்தார்கள்.

மாடசாமி மூச்சிரைக்க வந்தார். அடிப்பார் என்று வேலாண்டி எதிர்பார்த்தது. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் கேட்டார்: "தெரியாது என்று சொல்லியிருக்கலாமேவே. எங்களுக்கும்தான் தெரியாது. தெரியாதவங்க மத்தியில உமக்கென்ன வெட்கம்?"

அதையாவது வேலாண்டி தாங்கியிருக்கும். அப்போது இசக்கி ஓடி வந்தாள். கண்ணெல்லாம் நீர். "பூனை பொய் சொல்லுது. அதுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே, அண்ணாச்சி நேத்தே அதைச் சோதிச்சுப் பார்த்தாரே, நான் பார்த்தேனே! சொல்லுங்க அண்ணாச்சி, அது பொய் என்று சொல்லுங்க!"

வேலாண்டி வாயைத் திறந்தது. உடம்பில் இருந்த ரத்தமெல்லாம் குபுகுபுவென்று கழுத்துக்கு ஏறியது. முகம் சிவந்தது, தொண்டை சிவந்தது. பொய் என்று சொல்ல நா எழவில்லை. நிஜம் என்று சொல்லவும் எழவில்லை. தலை மட்டும் தானாக மேலும் கீழும் ஆடியது. எதற்கு ஆடுகிறது என்று அதற்கே தெரியவில்லை. பிடித்து நிறுத்தப் பார்த்தது. நிற்கவில்லை.

இசக்கி பின்வாங்கினாள். குட்டிகளை ஒவ்வொன்றாக மரத்தில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டாள். ஊற்று போய்விட்டதால், தாகத்துக்குப் பனிநீரை நக்கிப் பழகக் குட்டிகளுக்கு அன்றே கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

எல்லோரும் போனபின் வேலாண்டி அந்த முள்வேலிமேல் ஏறி, உள்ளே கிடந்த ஊற்றைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டது. ஊருக்குள் திரும்பவில்லை.

அன்று போன பேச்சு இன்றுவரை ஓணானுக்கு வரவில்லை. வேலியைத்தான் அது வீடாக வைத்திருக்கிறது. யாராவது எதிரே வந்து நின்று ஏறிட்டுப் பார்த்துவிட்டால் போதும், கேள்வி கேட்கத்தான் வருகிறார்கள் என்று அதற்குக் கழுத்தெல்லாம் சிவந்துவிடுகிறது. கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டத் தொடங்கிவிடுகிறது. விஷயம் இதுதான். தெரியாத பிள்ளைகள் அது நம்மைக் கேலி செய்கிறது என்று கல்லெடுக்கிறார்கள்.

கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். வெளியில் சொல்ல நேர்ந்தால் யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். என் வீட்டுக் கொல்லை வேலியில் ஒன்று குடியிருக்கிறது. பொழுது விடிந்தால் நான் அதன் முகத்தில் முழிக்க வேண்டும்.