சவரிமுத்து சார் தே கேட்ட கதை

“இந்தப் பிள்ளை வாயைத் திறக்க மாட்டேங்குது டீச்சர். நீங்கதான் ஒரு வழி சொல்லணும்.”

சொன்னவர் சவரிமுத்து சார். மலேசியாவின் ஈப்போவில் ஒரு சீன உயர்நிலைப்பள்ளியில் இருபத்தாறு வருஷமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற மனுஷர்.

கேட்டுக்கொண்டிருந்தவள் மேகலா. அதே பள்ளியில் சீன மொழி ஆசிரியை. ஆமாம், தமிழ்ப் பெண்தான். சின்ன வயசிலிருந்தே சீனப் பள்ளியில் படித்தவள்.

ஒரு சீனச் சொல்கூடத் தெரியாமல் வருகிற பிள்ளைகள் அவள் வகுப்பில் மூன்றே மாதத்தில் வாயாடிகளாகிவிடுவார்கள். அது எப்படி என்று கேட்கத்தான் சார் பள்ளிச் சிற்றுண்டிக் கெண்டினுக்கு வந்திருந்தார். தன்னைவிட இருபது வயசு சின்னவளிடம் போய்க் கேட்பதா என்று நாலு நாள் தள்ளிப்போட்டார். கௌரவம் லேசில் விடுமா?

“யாரு, ஹுய் மின்னா?”

“அவதான். ஐந்தாம் படிவம், பள்ளியில கடைசி வருஷம். மூவாயிரம் ஆங்கிலச் சொல் மனப்பாடம். ஒவ்வொண்ணையும் இருபது தடவை எழுதி, பக்கத்துல சீனத்துல அர்த்தம் எழுதி வச்சிருக்கா. இலக்கணத்துல நூத்துக்கு நூறு. எந்திரிச்சுப் பேசுன்னா ஊமையாயிடுறா.”

“பேசாட்டி என்ன போச்சு?”

“என்ன போச்சா? வெள்ளிக்கிழமை தாதியர் கல்லூரியில நேர்முகத் தேர்வு. முழுக்க ஆங்கிலம். நர்ஸ் படிப்புன்னா அவளுக்கு உசுரு. போன மாசம் வேறொரு கல்லூரியில போய்ச் சிலை மாதிரி நின்னுட்டு வந்திருக்கா. இதுதான் கடைசி இடம்.”

“பேச ஆரம்பிச்சா நீங்க என்ன பண்ணுவீங்க?”

“தப்பு வந்த இடத்துலயே நிறுத்தித் திருத்திருவேன். ஒண்ணைக்கூட விடமாட்டேன்.”

சொல்லும்போது கொஞ்சம் பெருமைதான்.

அவருக்காக நுரை ததும்ப ஆற்றி வைத்திருந்த தே தாரிக் என்கிற பால் தேநீரை மேகலா தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இதைச் சீனத்துல கேளுங்க. தர்றேன்.”

“என்ன டீச்சர் விளையாட்டு?”

“கேளுங்க சார்.”

சந்தையில் மீன் வாங்குகிற அளவுக்கு அவருக்குச் சீனம் வரும். ‘நான் குடிக்கணும்’ என்று சொல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வோ...”

“நிறுத்துங்க. ‘வோ’வுக்குக் குரல் இறங்கி ஏறணும்.”

“வோ யாவ்...”

“யாவ் மேலேருந்து கீழே விழணும்.”

“வோ யாவ் ஹ...”

“வோ மறுபடியும் தப்பு. முதல்லேருந்து.”

பக்கத்து மேசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குக் காது சூடாகிவிட்டது. ஏழாவது தடவையில் தெரிந்த சொல்லும் மறந்துபோனது.

“ஆளை விடுங்கம்மா. எனக்குத் தே வேணாம்.”

“தாகம் போயிடுச்சா?”

“தாகம் இருக்கு. கேக்கத்தான் பயமா இருக்கு.”

சொன்ன பிறகுதான் அவருக்கு ஹுய் மின் ஞாபகம் வந்தது.

மேகலா குவளையை அவர் பக்கம் நகர்த்திவைத்தாள். மணி அடித்தது. வகுப்புக்குப் போய்விட்டாள்.

அன்று பள்ளி விட்டதும், சார் சொல்லியனுப்பி ஹுய் மின் வந்து நின்றாள். சார் ஆங்கிலத்தில் கேட்டார்:

“நீ ஏன் தாதியாகணும்?”

அவளும் ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

“போன வருஷம் அப்பா மோட்டார் சைக்கிளிலிருந்து விழுகிறார்.”

அவ்வளவுதான். நிறுத்திவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டு, திருத்தம் வரும் என்று காத்திருந்தாள்.

‘விழுகிறார் இல்லை, விழுந்தார்’ என்ற திருத்தம் வந்துவிட்டது, நாக்கு நுனிவரை. இருபத்தாறு வருஷப் பழக்கம், சும்மா போகுமா? சவரிமுத்து சார் பல்லைக் கடித்துக்கொண்டார். நெற்றியில் வேர்த்தது.

“அப்புறம்?” என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் துணி எடுக்கிறேன். காலை இறுக்கிக் கட்டுகிறேன். ரத்தம் நிற்கிறது. அப்பா என் பேரைச் சொல்கிறார்.”

மூன்று வருஷமாக அவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண். அவளுக்கு இப்படி ஒன்று நடந்ததே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். மனுஷருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“இப்ப அப்பா எப்படி இருக்கார்?”

அந்தக் கேள்விக்கு அவள் முழுசாகப் பத்து நிமிஷம் பதில் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை கல்லூரி வாசலில் சவரிமுத்து சார் காத்திருந்தார். உள்ளே போன மற்றப் பிள்ளைகள் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தார்கள். ஹுய் மின் வரவில்லை. கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. வழக்கம்போலச் சிலையாகிவிட்டாளோ என்று அவர் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

கதவு திறந்தது. ஓட்டமும் நடையுமாக வந்தாள். இடம் தந்துவிட்டார்களாம், அங்கேயே சொல்லிவிட்டார்களாம்!

அப்பாடா! அவர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை மேகலா வழியில் நிறுத்தினாள்.

“கிடைச்சிருச்சாமே?”

“கிடைச்சிருச்சும்மா. வாசல்லேருந்து பஸ் நிக்கிற இடம் வரைக்கும் மூச்சு விடாம பேசிக்கிட்டே வந்தா. உள்ளே என்ன கேட்டாங்க, யார் சிரிச்சாங்க, யார் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாங்க, ஒண்ணு விடல.”

“ஆங்கிலத்துலயா?”

“பின்னே?”

“எத்தனை தப்பு?”

சவரிமுத்து சார் யோசித்தார். மோவாயைத் தடவிக்கொண்டு மறுபடியும் யோசித்தார்.

“கவனிக்கலையேம்மா,” என்றார்.